பிங்க் டம்பெல்லைக் கீழ வைங்க அம்மணி

முகூர்த்தத்துக்கு மூணு மாசம் இருக்கிறப்போ ஜிம்முக்கு ஒரு கூட்டம் வரும். ஆவணிக் கல்யாணம்னா வைகாசியில, தைக் கல்யாணம்னா ஐப்பசியில. கல்யாணப் பொண்ணு வருவா, கூடவே அக்கா வருவாங்க, சில சமயம் அம்மாவும் வருவாங்க. மூணு பேருக்கும் கேள்வி ஒண்ணுதான்: "ஏனுங்க, இந்தக் கைச்சதையை மட்டும் குறைக்க முடியுங்களா?" கேக்கறப்பவே மேல்கைக்கு அடியில தொங்குறதைப் பிடிச்சு ஆட்டிக் காட்டுவாங்க. ரிசப்ஷன் பிளவுஸுக்கு ஆரி ஒர்க் கொடுத்தாச்சு, டெய்லர் கைச்சுத்து அளவெடுத்து நோட்டுல எழுதியாச்சு. இனி கைதான் பிளவுஸுக்குத் தகுந்த மாதிரி மாறணும்.

அவங்க கையில பெரும்பாலும் என்ன கொடுப்பாங்க தெரியுமா? 1 கிலோ பிங்க் டம்பெல். "அம்பது தடவை பண்ணுங்க மேடம், டோன் ஆயிடும்." அவங்க தோள்ல மாட்டிட்டு வந்த ஹேண்ட்பேக்கே அதைவிடக் கனம். வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருந்தா, பத்துப் பன்னெண்டு கிலோவை நாள் முழுக்கத் தூக்கி இறக்கிட்டு இருக்கிற கை அது. டிஸ்பென்சர் மேல கவுக்கிற தண்ணி கேன் 20 கிலோ. நிறைஞ்ச கேஸ் சிலிண்டர், உள்ள இருக்கிற 14.2 கிலோ கேஸும் இரும்பும் சேர்ந்து, கிட்டத்தட்ட 30 கிலோ. இதையெல்லாம் சமாளிக்கிற கைக்கு 1 கிலோ ஒரு பொருட்டா? தசைக்குச் சிரமமே தராத வேலைக்காக அது ஏன் மாறணும்?

இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப் போறது ஒண்ணுதான். கை அழகாத் தெரியணும்னா முதல்ல அது பலமாகணும். பலமாகணும்னா கனம் தூக்கணும், அந்தக் கனத்தைப் படிப்படியாக் கூட்டணும், அதுக்குத் தகுந்த மாதிரி சாப்பிடணும். மத்ததெல்லாம் விளம்பரம்.

கொழுப்புக்கு விலாசம் தெரியாது

கையை ஆட்டினா கைக்கொழுப்பு கரையும்ங்கிற நம்பிக்கை பழசு. இதைச் சோதிச்சுப் பார்க்க 1971-ல அமெரிக்காவுல சில ஆராய்ச்சியாளர்கள் டென்னிஸ் ஆடறவங்களைப் பிடிச்சாங்க. நல்ல யோசனை. வருசக்கணக்கா ஒரே கையால மட்டை வீசறவங்க. இன்னொரு கை சும்மா இருக்கும். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, கைக்கு மட்டும் வேற வேற வேலை. அளந்து பார்த்தா, ஆடற கை சுத்தளவுல பெருசா இருந்துச்சு, ஏன்னா தசை வளர்ந்திருக்கு. தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்போட தடிமன்? ரெண்டு கையிலயும் ஒண்ணுதான்.

உடம்பு கொழுப்பை எடுக்கிறப்போ எங்க வேலை நடக்குதுன்னு பார்த்து எடுக்கிறதில்லை. ரத்தத்துல விட்டு, மொத்த உடம்புக்கும் பொதுவாச் செலவழிக்குது. யாருக்கு முதல்ல எங்க இளைக்கும்ங்கிறது மரபணுவும் ஹார்மோனும் சேர்ந்து முடிவு பண்றது. ஒருத்திக்கு முகம் முதல்ல வத்தும், இன்னொருத்திக்கு இடுப்பு. கை கடைசியா இளைக்கிற வீட்டுல பொறந்திருந்தா, அது உங்க சோம்பேறித்தனத்தால வந்ததில்லை.

ஆனா அந்தக் கொழுப்புக்கு அடியில இருக்கிற தசை நம்ம கையில இருக்கு. மேல்கைன்னா எல்லாருக்கும் முன்பக்கம் புடைக்கிற பைசெப்ஸ்தான் ஞாபகம் வரும். மேல்கைத் தசையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு பின்பக்கம் இருக்கிற ட்ரைசெப்ஸ். ஆட்டிக் காட்டறாங்களே, அதே இடம். அது வேலை செய்யறது எதையாவது தள்றப்போ, தலைக்கு மேல தூக்கறப்போ. நம்ம அன்றாட வாழ்க்கையில தள்ற வேலை அநேகமா இல்லவே இல்லை. அதனால அது தூங்கிக்கிட்டே இருக்கு. அதோட தோள்பட்டைத் தசையையும் சேர்த்துக்கங்க. தோள் கொஞ்சம் உருண்டு திரண்டா, அதுக்குக் கீழ இருக்கிற கை தானா ஒடிசலாத் தெரியும். ஃபோட்டோவுல அழகாத் தெரியற கையில பாதி வேலை தோளோடது.

அம்முச்சி எந்த ஜிம்முக்குப் போனாங்க?

இதைக் கேக்காத சொந்தக்காரங்க கொங்கு நாட்டுல இல்லை. "எங்க காலத்துல எந்த ஜிம்மு கண்ணு? ஆட்டாங்கல்லுல மாவாட்டினோம், ஒலக்கையில குத்தினோம், கெணத்துல தண்ணி சேந்துனோம். கை கல்லு மாதிரி இருந்துச்சு."

உண்மைதான். என் அம்முச்சி கையைப் பிடிச்சுப் பார்த்தவ நான். ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் நம்ம ஊர்லயே இருக்கு. 1955-ல கோயமுத்தூர்ல பி. சபாபதிங்கிறவர் மோட்டார் வெச்ச கிரைண்டரைச் செஞ்சார். அதுக்கு முன்னாடியே இங்க மோட்டாரும் பம்பும் செய்ய ஆரம்பிச்சாச்சு. பைக்காரா மின்சாரம் வந்து மில்லும் பட்டறையும் பெருகின ஊர் இது. கல்லைச் சுத்தின கையும், கயிறு இழுத்த கையும் ஒரு தலைமுறைக்குள்ள ஓய்வுக்கு வந்துச்சு. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. நாட்டுப் பொண்ணுங்களோட கைவேலையைப் பிடுங்கின புண்ணியம் நம்ம ஊருக்குத்தான்.

நான் அதைப் புண்ணியம்னுதான் சொல்றேன், கிண்டல் இல்லை. ஆட்டாங்கல் நாட்களை நினைச்சு உருகுறவங்க யாரும் விடிகாலையில எந்திரிச்சு இருபது பேருக்கு மாவாட்டினவங்க இல்லை. அந்த வேலைக்கு ஓய்வு நாள் கிடையாது. மாசமா இருந்தாலும், காய்ச்சல் அடிச்சாலும் ஆட்டணும். எல்லாரும் சாப்பிட்ட பின்னாடி மிச்சம் இருக்கிறதுதான் அவங்களுக்கு. இன்னைக்கும் காந்திபுரத்துல, சரவணம்பட்டியில எழும்புற கட்டடங்கள்ல செங்கல் சுமக்கிற சித்தாள் அக்காக்களைப் பாருங்க. கையில துளி தொங்கல் இருக்காது. ஆனா நாப்பது வயசுலயே முட்டியும் இடுப்பும் போயிருக்கும். தசை வளரச் சுமை மட்டும் போதாது. ஓய்வும் சோறும் வேணும். அவங்களுக்குக் கிடைக்காத அந்த ரெண்டும் நமக்குக் கிடைக்குது. ஜிம்மை ஆட்டாங்கல்லுக்கு மாத்துன்னு சொல்றவங்ககிட்ட நான் சொல்ற பதில் இதுதான்.

இப்போ ஓய்வு மட்டும் மிஞ்சிப் போச்சு. 2024-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்த கணக்குப்படி, இந்தியப் பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. ஆம்பளைங்கள்ல அது 42 சதவீதம். நம்ம ஊர்ல நடக்கிறவங்களுக்குப் பஞ்சமில்லை. ரேஸ்கோர்ஸ்ல காலையில போய்ப் பாருங்க, சுடிதாரும் ஷூவுமா எத்தனை பேர்! கோயமுத்தூர் மாரத்தானுக்கும் கூட்டம் வருது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. கைத்தசைக்கு மட்டும் அதுல ஒண்ணும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல சொன்னது இதைத்தான்: வாரத்துக்கு 150 நிமிச நடை மாதிரியான பயிற்சியோட, ரெண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தற பயிற்சியும் வேணும். நாம முதல் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டோம்.

குனியமுத்தூர்ல தூக்கின 50 கிலோ

"எனக்கு வயசாயிடுச்சுங்க"ன்னு சொல்றவங்களுக்கு நான் ஒரு பேரைத்தான் சொல்றது: கிட்டம்மாள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பாட்டி. 2024 மே 1-ம் தேதி குனியமுத்தூர்ல நடந்த தென்னிந்திய அளவிலான பளுதூக்கும் போட்டியில, 82 வயசுல, டெட்லிஃப்ட்ல 50 கிலோ தூக்கி அஞ்சாவது இடம் வந்தாங்க. போட்டியில கூட நின்னதெல்லாம் பேத்தி வயசுப் பொண்ணுங்க. பேரன்கள் பளு தூக்கறதைப் பார்த்து ஆசைப்பட்டு ஆரம்பிச்சவங்க. சாப்பாடு பெருசா ஒண்ணுமில்லை. கஞ்சி, முட்டை, முருங்கை சூப், வேகவெச்ச காய். அரிசி மூட்டையும் தண்ணிக் குடமும் தூக்கிப் பழகின உடம்பு, இரும்புக் கம்பியைப் பார்த்து மிரளலை.

பாட்டியோட படம் எல்லாரோட வாட்ஸ்அப்பிலயும் சுத்துச்சு. எல்லாரும் கும்பிட்டாங்க. அப்புறம் அவங்கவங்க அம்மாவைப் பார்த்து "கனம் தூக்காதீங்கம்மா, இடுப்பு பிடிச்சுக்கும்"னு சொன்னாங்க.

இதுக்கு ஒரு ஆராய்ச்சியும் இருக்கு. ஆஸ்திரேலியாவுல லிஃப்ட்மோர்னு பேர். மாதவிடாய் நின்ன, எலும்பு அடர்த்தி குறைஞ்ச 101 பேர்; சராசரி வயசு 65. ஒரு பாதிப் பேருக்கு வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், கூடவே பயிற்சியாளரை வெச்சு டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல தூக்கறது, குதிக்கிறது. நல்ல கனத்தோடதான். எட்டு மாசம் கழிச்சு இவங்க முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்துச்சு. வீட்டுல லேசான பயிற்சி பண்ணின மத்த பாதிக்கு 1.2 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. கல்யாணப் பொண்ணு கூட வர்ற அம்மா இருக்காங்களே, "நான் சும்மா துணைக்கு வந்தேன்"னு ஓரமா உக்காருவாங்க. அந்த ஜிம்முல கம்பி நெம்ப அவசியப்படுறது அவங்களுக்குத்தான்.

சரி, என்னதான் பண்றது?

வாரத்துக்கு ரெண்டு நாள் போதும், மூணு நாள்னா இன்னும் நல்லது. நடுவுல ஒரு நாளாவது இடைவெளி. கைக்கு மட்டும்னு ஒதுக்காதீங்க. பெரிய பயிற்சிகள்ல கை தானா வேலை செய்யும், கடைசியில கொஞ்சம் தனியாக் கவனிச்சாப் போதும்.

முதல்ல கால்: ஸ்குவாட், டெட்லிஃப்ட். அடுத்தது தள்றது: புஷ்-அப், தோளுக்கு மேல டம்பெல் தூக்கற ஷோல்டர் பிரஸ். அப்புறம் இழுக்கறது: டம்பெல் ரோ, லாட் புல்டவுன். கடைசியில கைக்குன்னே ரெண்டு: பைசெப்ஸ் கர்ல் ஒண்ணு, டம்பெல்லைத் தலைக்குப் பின்னால இறக்கி ஏத்தற ட்ரைசெப்ஸ் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு. தோளுக்கு உருட்சி வேணும்னா பக்கவாட்டுல தூக்கற லேட்டரல் ரைஸ்.

ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு செட், செட்டுக்கு 8-ல இருந்து 12 தடவை. எந்தக் கனம்ங்கிறதுக்கு ஒரு எளிய அளவு: பன்னெண்டாவது முடிக்கிறப்போ, இன்னும் ஒண்ணோ ரெண்டோதான் முடியும்னு தோணணும். சிரிச்சுப் பேசிட்டே முப்பது பண்ண முடிஞ்சா அது லேசு. அஞ்சுலயே உடம்பு கோணினா அது அதிகம். எல்லாச் செட்டுலயும் பன்னெண்டு சுத்தமா வந்துட்டா அடுத்த தடவை ஒரு கிலோவோ ரெண்டு கிலோவோ ஏத்துங்க. செட்டுக்கு நடுவுல ஒண்ணரை நிமிசமாவது சித்த உக்காருங்க. வேகமா மூச்சிரைக்கப் பண்றதுல பலம் வராது, வேர்வைதான் வரும்.

மூச்சை இறுக்கிப் பிடிக்காதீங்க. தூக்கறப்போ வெளிய விடுங்க. ரத்த அழுத்தமோ, இதயக் கோளாறோ, தோள் மூட்டுல பழைய அடியோ இருந்தா முதல்ல டாக்டரைப் பாருங்க. தசையில மறுநாள் வர்ற வலி சகஜம். மூட்டுல சுருக்குன்னு குத்தினா அன்னைக்கு நிறுத்திடுங்க.

முதல் சில வாரத்துல கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. ஆனா தூக்கற கனம் கிடுகிடுன்னு ஏறும். நரம்பு தசையை ஒழுங்கா வேலை வாங்கக் கத்துக்கிற காலம் அது. கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். அதனால எடை மெஷினை நம்பாதீங்க. கொழுப்பு குறைஞ்சு தசை கூடினா முள்ளு நகரவே நகராது. டெய்லர் டேப்பை வெச்சு மாசம் ஒரு தடவை கைச்சுத்து பாருங்க. அதைவிட, எவ்வளவு தூக்கினீங்கன்னு ஒரு நோட்டு போடுங்க. அந்த நோட்டுல எண் ஏறினா கை மாறிட்டு இருக்குன்னு அர்த்தம்.

முட்டை நாமக்கல்ல இருந்து, கோழி பல்லடத்துல இருந்து

ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புற நாமக்கல்லும், கறிக்கோழிக்கு விலை சொல்ற பல்லடமும் நம்ம பக்கத்துலதான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணுங்க தட்டுல புரதத்தைத் தேடணும். காலையில மூணு இட்லியும் சட்னியும் சாப்பிட்டா பத்து கிராம் தேறுறதே கஷ்டம். மத்தியானம் சோறு, ரசம், பொரியல். ராத்திரி மறுபடியும் தோசை.

ஐசிஎம்ஆர் சொல்ற குறைஞ்சபட்சக் கணக்கு, உடல் எடையில கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருக்கிறவங்களுக்கு 50 கிராம். கனம் தூக்கறவங்களுக்கு இது பத்தாது; கிலோவுக்கு 1.2-ல இருந்து 1.6 கிராம் வரைக்கும், அதாவது 72-ல இருந்து 96 கிராம் வேணும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம கூட்டக் கூடாது.

டப்பா பவுடர் இல்லாமயே இதை எட்டலாம். ஒரு முட்டையில 6 கிராம். சமைச்ச கோழிக்கறி 100 கிராம்ல 25-க்கு மேல. சைவம்னா பனீர் 100 கிராம்ல 18. சோயா சங்க்ஸ் 30 கிராம்ல 15. நம்ம ஊர்க் கொள்ளும் பச்சைப்பயறும் 100 கிராமுக்கு 22 கிராம் பக்கம். அதுல ஒரு சூட்சுமம்: கொள்ளு ரசத்துல புரதம் கம்மி, கடைஞ்ச கொள்ளுப் பருப்புலதான் இருக்கு. ரசத்தைத் தெளிவா எடுத்துட்டுப் பருப்பை மாட்டுக்கு வெக்கிற வழக்கம் சில வீடுகள்ல இருந்துச்சு. மாடு பலமா இருந்ததுல ஆச்சரியமில்லை. அரிசி பருப்பு சாதம் செய்யறப்போ பருப்பைக் கூட்டி அரிசியைக் குறைங்க. நாலு மணி டீக்கு வர்க்கி வேண்டாம்; ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை எடுத்துக்கங்க. புரட்டாசியில பயறும் தயிரும் கூடுதலா வரட்டும்.

பட்டினி கிடந்து கனம் தூக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அதைத்தான் நிறையப் பேர் பண்றாங்க. கொழுப்போட தசையும் கரைஞ்சு, கை ஒல்லியா, ஆனா தொளதொளன்னு நிக்கும்.

வழக்கமா வர்ற சில கேள்விகள்

*ஆம்பளை மாதிரி ஆயிடுமா கை?* ஆம்பளைங்க ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 300-ல இருந்து 1000 நானோகிராம் வரைக்கும் இருக்கும். நமக்கு 15-ல இருந்து 70 தான். அவங்களே வருசக்கணக்கா உழைச்சாத்தான் அந்தக் கை வருது. டோக்கியோ ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கின மீராபாய் சானு, 49 கிலோ எடைப் பிரிவுல நின்னு, 115 கிலோவைத் தலைக்கு மேல தூக்கினவங்க. பலத்துக்கும் பருமனுக்கும் நேர்க் கணக்கு கிடையாது.

*கர்ப்பப்பை இறங்கிடாதா?* முறையாக் கத்துக்கிட்டு, படிப்படியாக் கனம் கூட்டறவங்க இதுக்குப் பயப்படத் தேவையில்லை. ஏற்கெனவே இறக்கம் இருக்கிறவங்க, சிசேரியன் ஆனவங்க, புதுசாப் பெத்தவங்க மட்டும் மகப்பேறு டாக்டர் சரின்னு சொன்ன பின்னாடி ஆரம்பிக்கணும்.

*மாதவிடாய் நாள்ல?* முடிஞ்சா பண்ணுங்க, முடியலைன்னா விடுங்க. தடை ஒண்ணும் இல்லை.

*கும்மி அடிச்சா கை இளைக்காதா?* இது நம்ம ஊர்க் கேள்வி. வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்து, 2024-ல பத்மஸ்ரீ வாங்கின எம். பத்ரப்பன் ஐயாவோட கோயமுத்தூர் மாவட்டம் இது. கும்மி அருமையான ஆட்டம். மூச்சுக்கும் காலுக்கும் நல்ல வேலை, கூட்டமா ஆடற சந்தோசம் தனி. ஆனா வெறும் கையில தட்டறதுல கனம் கூடாது. நடையோட கணக்குல அதைச் சேருங்க, இரும்பு தனி.

*ஜிம்முல ஆம்பளைங்க பார்ப்பாங்களே?* பார்க்கறவங்க இருக்காங்க. பொண்ணுங்களுக்குன்னு தனி நேரம் ஒதுக்கற ஜிம்களும், பொண்ணுங்களுக்கு மட்டுமான ஜிம்களும் இப்போ ஊருக்குள்ள இருக்கு, விசாரிச்சுச் சேருங்க. சேர்றதுக்கு முன்னாடி ட்ரெய்னர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எனக்கு டெட்லிஃப்ட் சொல்லித் தருவீங்களா?" "அதெல்லாம் லேடீஸுக்கு வேண்டாம் மேடம்"னு பதில் வந்தா வேற இடம் பாருங்க.

அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு என் பதிலையும் சொல்லிடறேன். மூணு மாசம் இருந்தா, ஒழுங்கா ரெண்டு நாள் தூக்கி, புரதம் சாப்பிட்டா, தோள்லயும் கையிலயும் மாற்றம் நிச்சயம் தெரியும். மூணு வாரம்தான் இருக்குன்னா டெய்லர்கிட்ட கை நீளத்தைக் கூட்டச் சொல்லிட்டு நிம்மதியாக் கல்யாணம் பண்ணிக்க கண்ணு. ஜிம் எங்கயும் ஓடிப் போகாது, மறுவீடு முடிஞ்சு வா.

ஜிம்மே வேண்டாங்கிறவங்க இன்னைக்கு ராத்திரி சமையல் மேடையில ஆரம்பிக்கலாம். பாத்திரம் கழுவி மேடையைத் துடைச்சதும், விளிம்புல ரெண்டு கையையும் ஊன்றி, காலைப் பின்னால தள்ளி, உடம்பை நேரா வெச்சு, நெஞ்சை மேடைக்கு இறக்கித் தள்ளி எழுந்திருங்க. எத்தனை வந்துச்சுன்னு காலண்டர்ல பால் கணக்குக்குப் பக்கத்துலயே எழுதுங்க. ஒரு நாள் விட்டு மறுபடியும், முன்னதைவிட ஒண்ணு கூட. பதினஞ்சு தாண்டிட்டா மேடையை விட்டுட்டுக் கட்டில் விளிம்புக்கு இறங்குங்க, அதுக்கப்புறம் தரைக்கு. தரையில பத்து சுத்தமா வர்ற அன்னைக்கு, கைச்சதை பத்தி என்கிட்ட நீங்க எதுவும் கேக்க மாட்டீங்க. எந்தக் கடையில டம்பெல் விலை கம்மின்னுதான் கேப்பீங்க.